ரைசன் 5 7600 வாங்கவா, கோர் ஐ5-14400எஃப் வாங்கவா? காரைக்குடி கல்யாண ஸ்டுடியோ ஒன்றுக்கு என் பதில்

பள்ளத்தூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தன் அண்ணனோடு சேர்ந்து காரைக்குடியில் கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்கிறார். பகலில் பிரீமியர், போட்டோஷாப். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே கணினியில் வேலரன்ட், ஜிடிஏ 5, எப்போதாவது சைபர்பங்க் 2077. இப்போது இருப்பது ஐ5-8400 பிராசஸர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். "கார்டை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம் என்று இருக்கிறோம். ரைசன் 5 7600 வாங்கவா, ஐ5-14400எஃப் வாங்கவா அண்ணே? கடையில் எஃப் போட்டதுதான் லாபம் என்கிறார்கள்" என்பது கேள்வி.

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 14400எஃப் வேண்டாம். இந்த 3060 கார்டையே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் எஃப் இல்லாத 14400 வாங்குங்கள். கார்டையும் புதிதாக மாற்றும் எண்ணம் இருந்தால் 7600 வாங்குங்கள். வெறும் விளையாட்டுக்கு மட்டும் கேட்டிருந்தால் ஒரே வரியில் 7600 என்று எழுதி முடித்திருப்பேன். உங்கள் கணினி பகலில் சோறு போடுகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டு சிப்பும் என்ன என்று பார்ப்போம். 7600 ஜனவரி 2023இல் வந்தது. ஏஎம்டியின் ஜென் 4 வடிவமைப்பு, ஒரே மாதிரியான 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்), உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ், சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பி. 14400 ஒரு வருடம் கழித்து ஜனவரி 2024இல் வந்தது. இதில் பெரிய கோர் 6, சின்ன கோர் 4. பெரியது ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட், சின்னது ஒன்று, ஆக மொத்தம் 16 த்ரெட். உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 20 எம்பி. எஃப் என்ற எழுத்து பின்னால் வந்தால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது என்று அர்த்தம். மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

"10 கோர் பெரிதா, 6 கோர் பெரிதா" என்று கடையில் எண்ணிக்கை காட்டுவார்கள். அழகப்பா கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் வரும்போதும் இதே கேள்விதான் முதலில் வரும். எல்லா கோரையும் ஒன்றாகப் பிழிகிற வேலையில், சினிபெஞ்ச் மாதிரி சோதனையில், 14400 கொஞ்சம் முன்னே நிற்கும். ஒரு கோரின் வேகம் என்று வந்தால் 7600 முன்னே போகும். விளையாட்டு பெரும்பாலும் இரண்டாவது வகை. அதோடு கேஷையும் சேர்த்துப் பாருங்கள். கல்யாணச் சமையலில் உக்கிராண அறையில் மூட்டை மூட்டையாகச் சாமான் இருந்தாலும், மாஸ்டர் கைக்கு எட்டுகிற தூரத்தில் அஞ்சறைப் பெட்டி பெரிதாக இருந்தால்தான் தாளிப்பு தடைபடாது. ரேம் உக்கிராணம், கேஷ் அஞ்சறைப் பெட்டி. விளையாட்டு நொடிக்கு நூறு தடவை தாளிக்கிற வேலை. அதனால்தான் 96 எம்பி எல்3 வைத்த ரைசன் 7 7800எக்ஸ்3டி வந்தபோது, அதைவிட அதிக கோர் உள்ள சிப்புகளைக்கூட விளையாட்டில் பின்னால் தள்ளியது.

ஆகவே விளையாட்டில் 7600 தான் வேகம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வேகம் உங்கள் மேஜைக்கு வந்து சேருமா என்பது வேறு விஷயம். சோதனை செய்கிறவர்கள் விலை உயர்ந்த கார்டைப் போட்டுப் பிராசஸர்களின் வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுவார்கள். உங்களிடம் இருப்பது 3060. சைபர்பங்கை 1080பியில் ஓட்டினால் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும். அங்கே 7600 போட்டாலும் 14400 போட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வேலரன்ட் பிராசஸரைச் சாய்ந்து நிற்கிற விளையாட்டு, ஆனால் இரண்டு சிப்புமே உங்கள் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் காட்டக்கூடியதைத் தாண்டிப் போய்விடும்.

நம்பிக்கை இல்லை என்றால் இப்போதிருக்கும் 8400இலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். விளையாட்டின் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். பிரேம் எண்ணிக்கை மளமளவென்று ஏறினால் இதுவரை தடையாக இருந்தது கார்டு. ஏறாமல் அங்கேயே நின்றால் தடை பிராசஸர். ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை. ஜிடிஏ 5இலும் வேலரன்ட்டிலும் 8400 திணறுவது தெரியும், சைபர்பங்கில் பெரும்பாலும் கார்டு திணறும்.

இப்போது பகல் வேலைக்கு வருவோம். என் மனசு இங்கேதான் நிற்கிறது.

நீங்கள் எடுப்பது 10 பிட், 4:2:2 என்று எழுதியிருந்தீர்கள். அது என்னவென்று பலர் பார்ப்பதே இல்லை. கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவைத் தனியாகப் பதியும். நிறத்தை மட்டும் சிக்கனமாகப் பதியும். 4:2:0 என்றால் நாலு புள்ளிக்கு ஒரு நிறம், 4:2:2 என்றால் இரண்டு புள்ளிக்கு ஒரு நிறம். அரக்கு உடலும் மஞ்சள் கரையுமாக ஒரு கண்டாங்கியை நெருக்கத்தில் எடுத்து, பிறகு கலர் கிரேடிங்கில் இழுத்துப் பாருங்கள். 4:2:0இல் அந்தக் கட்டத்தின் ஓரம் கசியும். 4:2:2இல் ஓரம் சுத்தமாக நிற்கும். அதனால் நீங்கள் எடுப்பது சரியான முறைதான், அதை மாற்ற வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், எச்.265 என்ற முறையில் சுருக்கிய இந்த 4:2:2 கோப்பை விரித்துக் காட்ட ஒரு தனி வன்பொருள் வேண்டும். உங்கள் 3060க்கு அது கிடையாது. 4:2:0 விரிக்கும், 4:4:4கூட விரிக்கும், நடுவிலுள்ள 4:2:2 மட்டும் வராது. 40 வரிசைக் கார்டுகளுக்கும் இதே கதை. 7600க்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் பகுதி உண்டு, அதற்கும் 4:2:2 தெரியாது. ஆனால் எஃப் இல்லாத 14400க்குள் இருக்கும் யூஎச்டி 730க்குத் தெரியும். இன்டெல் இதைக் குயிக் சிங்க் என்று சொல்கிறது. விளையாட்டுக்கு உதவாத சின்னஞ்சிறு கிராபிக்ஸ் என்று நாம் ஒதுக்குகிற அதே பகுதிதான் கல்யாண வீடியோ ஓட்டும்போது வண்டியை இழுக்கிறது. எஃப் வாங்கினால் அந்தப் பகுதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தேவகோட்டையில் தெரிந்த ஸ்டுடியோ ஒன்றுக்கு ஒரு கணினி கட்டிக் கொடுத்தேன். மிச்சமாகும் பணத்தில் பெரிய எஸ்எஸ்டி போடலாம் என்று 13400எஃப் எடுத்தேன், கார்டு அவர்களிடம் இருந்த 3060. முதல் வேலை ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். திருப்பூட்டு நேரத்தை மூன்று கேமராவில் எடுத்திருந்தார்கள். மூன்றையும் ஒரே டைம்லைனில் அடுக்கி ஓட்டினால், மாப்பிள்ளை கை கழுத்தருகே போகிறது, படம் நிற்கிறது, கெட்டிமேளச் சத்தம் மட்டும் தனியாக ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 100 சதவிகிதம், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ராத்திரி முழுக்க பிராக்ஸி கோப்பு, அதாவது எடிட்டுக்கான சின்ன நகல், உருவாக்கப் போட்டுவிட்டு, காலையில் வந்து எடிட் செய்தார்கள். இரண்டு மாதம் அவர்கள் பொறுத்தார்கள். தவறு என் தேர்வில்தான் என்று உறுதியானதும் அந்த எஃப் சிப்பை நானே எடுத்துக்கொண்டு எஃப் இல்லாத 13400 போட்டேன். போர்டு, ரேம், கார்டு எதையும் தொடவில்லை. அதே மூன்று கேமரா டைம்லைன் தடையில்லாமல் ஓடியது.

சிப்பை மாற்றினால் மட்டும் போதாது, இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். கார்டு செருகியிருந்தால் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் போய் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற அமைப்பை இயக்க வேண்டும், சில போர்டில் இன்டர்னல் கிராபிக்ஸ் என்று இருக்கும். விண்டோஸுக்கு வந்து இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் போடுங்கள். பிறகு பிரீமியரில் பிரிஃபரன்ஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங் கீழே இன்டெல் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டர் வயர் கார்டிலேயே இருக்கட்டும். வேலை நடக்கிறதா என்று அறிய, டாஸ்க் மேனேஜரில் இன்டெல் கிராபிக்ஸைத் திறந்து வைத்துவிட்டு டைம்லைனை ஓட்டுங்கள். வீடியோ டிகோட் என்ற கோடு மேலே ஏறினால் எல்லாம் சரி.

ஒரு எச்சரிக்கை. இந்த வசதி எச்.265க்குத்தான். சோனி கேமராவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று வருவது எச்.265, எக்ஸ்ஏவிசி எஸ் என்று வருவது எச்.264. பின்னதில் 10 பிட் 4:2:2 எடுத்தால் 14400இன் குயிக் சிங்க்கும் கைவிட்டுவிடும், பாரம் முழுக்க கோர்கள் மேல்தான். மூன்று கேமராவில் ஒன்று மட்டும் பழைய அமைப்பில் இருந்து மொத்த டைம்லைனையும் இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கார்டை மாற்றினால் கணக்கு ஏன் மாறுகிறது? 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் என்விடியா 4:2:2ஐச் சேர்த்துவிட்டது, எச்.264, எச்.265 இரண்டுக்கும். ஆக 5060 போன்ற கார்டு உள்ளே இருந்தால் குயிக் சிங்க்குக்காக இன்டெல் வாங்கும் அவசியம் போய்விடுகிறது. அப்போது வேகமான கோர், பெரிய கேஷ், குறைந்த வாட் என்று 7600 எல்லாப் பக்கமும் நன்றாக நிற்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். 5060இல் 8 ஜிபி நினைவகம்தான், உங்கள் 3060இல் 12 ஜிபி இருக்கிறது. 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்ஷன், லூட் (நிறத்தை மாற்றும் கோப்பு) என்று அடுக்குகிறவருக்கு 8 ஜிபி சீக்கிரம் நிரம்பும். மாற்றுவதென்றால் 16 ஜிபி உள்ள 5060 டிஐ மாதிரி பார்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் இந்த 3060ஐ இன்னும் இரண்டு வருடம் உழைக்க விடுங்கள், நல்ல கார்டு அது.

ஆல்பம் வேலைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12க்கு 36 அங்குல கரிஸ்மா ஷீட் ஒன்று 300 டிபிஐயில் 3600க்கு 10800, கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் பிக்சல். அதில் முப்பது லேயர் வைத்தால் முதலில் தீர்வது ரேம். 16 ஜிபி போதாது, 32 வேண்டும். போட்டோஷாப்பில் 7600 சற்றுச் சுறுசுறுப்பாக இருக்கும், ஆனால் அதற்காக முடிவை மாற்ற மாட்டேன். வீடியோ எக்ஸ்போர்ட்டையும் 3060 தானே செய்துவிடும், பிராசஸர் பேச்சு அங்கே குறைவு.

விலை. சிப் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது, போர்டும் ரேமும் சேர்த்துத்தான் போட வேண்டும். 7600 ஏஎம்5 போர்டில் உட்காரும், அதில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போகும். 14400க்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது உங்களுக்குத் தெரியும். இந்த நேரத்தில் கையிலிருக்கும் 16 ஜிபி டிடிஆர்4ஐ அப்படியே எடுத்துப் புது போர்டில் செருகி, அதே மாதிரி இன்னொரு 16 ஜிபி சேர்த்தால் 32 ஆகிவிடும் என்பது சின்ன லாபம் இல்லை. 8400 காலத்து ரேம் 2666 வேகத்தில் ஓடும், விளையாட்டில் கொஞ்சம் இழப்பு உண்டு. எடிட்டிங்குக்கு அது பெரிய குறை இல்லை. போர்டு மட்டும் நாலு ரேம் ஸ்லாட் உள்ள பி760 டிடிஆர்4 ஆகப் பார்த்து வாங்குங்கள். எச்610 போர்டில் இரண்டு ஸ்லாட்தான், இருக்கும் ரேமே இடத்தை அடைத்துவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 14400 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் 2021இல் வந்தது, அதன் ஆயுள் முடிந்துவிட்டது. இன்டெல் அக்டோபர் 2024இல் எல்ஜிஏ1851க்குப் போய்விட்டது. பிற்பாடு வேகம் வேண்டுமென்றால் அதே தலைமுறை ஐ7, ஐ9 தான் வழி. ஏஎம்5 அப்படி இல்லை. 2027 வரைக்கும் அதற்கு மேலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7600 போட்ட போர்டில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு நாளைக்கு 9800எக்ஸ்3டி போடலாம். ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக மாற்றுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. நீங்கள் 8400ஐ இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறீர்கள், அந்த வகைதான் என்று நினைக்கிறேன். நடுவில் சிப்பை மட்டும் மாற்றுகிற பழக்கம் உள்ளவர் என்றால் 7600 பக்கம் சாயலாம்.

அப்புறம் நம்ம ஊர் வெயிலும் கரன்டும். 7600 முழு வேகத்தில் 88 வாட்டுக்கு மேல் இழுக்காது. 14400க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 148 வாட். அவ்வளவும் எப்போதும் இழுக்காது என்றாலும், உடன் வரும் கூலர் சித்திரை மாதத்தில் தாக்குப் பிடிக்கத் திணறும். ஒற்றை டவர் கூலர் ஒன்று தனியாக வாங்குங்கள். பெரிய செலவில்லை, சத்தமும் குறையும். சும்மா இருக்கும்போது இன்டெல்தான் கரன்ட் குறைவாக எடுக்கும், அதுவும் உண்மை.

யூபிஎஸ் கணக்கைப் பாருங்கள். கடையில் 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான். 3060 ஒன்றே 170 வாட், 14400 உச்சத்தில் 148, மானிட்டர், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 60. மொத்தம் 378. எக்ஸ்போர்ட் ஓடும்போது கரன்ட் போனால் யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டுக் கணினியோடு சேர்ந்து படுத்துவிடும். 7600 என்றால் 318, தப்பிக்கும். 14400 எடுத்தால் யூபிஎஸ்ஸை 1000 விஏ ஆக்கும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

உங்கள் ஸ்டுடியோ பழைய வீட்டின் முகப்பு அறையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கனத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, அறை குளிர்ச்சியாக இருக்கும், நல்லது. ஆனால் கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். வாசலில் வண்டி போகும்போதெல்லாம் செம்மண் தூசி உள்ளே வரும், தரையோடு இருக்கும் ஃபேன் அதைத்தான் முதலில் இழுக்கும். மேஜை மேல் வைத்து, முன்பக்க வலையை மாதம் ஒரு முறை தட்டுங்கள்.

14ஆம் தலைமுறை இன்டெல் கெட்டுப்போகிறது என்று கேள்விப்பட்டதாகப் பயந்திருந்தீர்கள். 2024இல் அந்தப் பிரச்சினை உண்மையாகவே இருந்தது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்ச் சிப் தேய்ந்தது, இன்டெல் மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தையும் 2 வருடம் நீட்டியது. அந்தப் பட்டியல் ஐ5இல் 13600கே, 14600கே சிப்புகளில் தொடங்கி மேலே போகிறது. 14400 அதில் இல்லை. ஆனாலும் போர்டு வந்ததும் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

7600 பக்கம் போனால் 2x16 ஜிபி டிடிஆர்5 6000 ஜோடி வாங்குங்கள். நாலு குச்சி போடாதீர்கள், ஏஎம்5இல் நாலு போட்டால் வேகம் இறங்கிவிடும். பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்கினால்தான் 6000 வரும், கடைக்காரர் பெரும்பாலும் அதைச் செய்யாமலே கொடுத்துவிடுவார். முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகச் சில நிமிடம் நிற்கும். ரேமைப் பழக்கிக்கொள்கிறது அது. பயந்து ஸ்விட்சை அணைக்காமல் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் மதுரையில் வாங்கினாலும் பெட்டியோடு வரும் சிப்பையே கேளுங்கள். ட்ரே என்று தனியாகக் கொடுப்பது சற்றுக் குறைவாக வரும், ஆனால் தயாரித்த நிறுவனத்தின் நேரடி 3 வருட உத்தரவாதம் அதற்கு இருக்காது. கோளாறு என்றால் விற்ற கடைக்குத்தான் காரைக்குடியிலிருந்து பஸ் ஏற வேண்டும். பில்லில் 14400 என்று இருக்கிறதா, 14400எஃப் என்று இருக்கிறதா என்று கவுண்டரிலேயே படித்துப் பாருங்கள். பெட்டியிலும் அந்த ஒரு எழுத்து சின்னதாகத்தான் இருக்கும். 14500 கைக்கெட்டும் விலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அதில் சின்ன கோர் 8, உள்ளே இருப்பது யூஎச்டி 770. வீடியோ விரிக்கும் எஞ்சின் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது.

பணத்தை எடுத்து வைக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, உங்கள் மூன்று கேமராவிலிருந்தும் ஒவ்வொரு கிளிப்பைத் திறந்து பாருங்கள். குரோமா சப்சாம்ப்ளிங் என்ற வரியில் 4:2:2 என்றும் ஃபார்மட் என்ற வரியில் எச்ஈவிசி (எச்.265இன் இன்னொரு பெயர்) என்றும் இருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். மூன்றிலும் 4:2:0 என்று வந்தால் உங்கள் 3060 அதைத் தானே விரித்துக்கொள்ளும். அப்போது பழைய ரேமை மறுபடி பயன்படுத்தும் லாபம் ஒன்றுதான் 14400 பக்கம் மிஞ்சும், நான் 7600 தான் வாங்குவேன். மூன்று கிளிப்பிலும் என்ன வருகிறது என்று பார்த்து எழுதுங்கள் தம்பி.